இடதுகண்காரி

வில்லை உடனே கையில் தரவில்லை ஐலி.
இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னாள்.
என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்,
புருவத்தில் வெள்ளி வளையம்.
"கைகளுக்கு நடுவே முக்கோணமாக ஓட்டை விடு.
அதற்குள் அந்தக் கடிகாரத்தைப் பிடி.
இப்போது ஒரு கண்ணை மூடு."

வலக்கண்ணுக்குச் சுவர்தான் தெரிந்தது.
இடக்கண்ணில் மணி நாலு இருபது.

நாற்பத்தாறு வருடம் வலக்கையால் எழுதி,
வலக்கையால் பல் தேய்த்து,
வலக்கையால் விவாகரத்தில் கையெழுத்திட்டவள்.
இத்தனை காலமும் எவளோ ஒருத்தி
எனக்கு இடப்பக்கமாக நின்று
குறி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆக, இடக்கை வில்.
யாரும் சீந்தாததால் பாதி விலை.
வலக்கை பிடிக்கும், இடக்கை இழுக்கும்.
மானுக்கு நாற்பது பவுண்டாவது இழுக்க வேண்டுமாம்.
ஜூன் மாதம் இருபத்தெட்டில்
என் தோள் கதவைச் சாத்திக்கொண்டது.

ஏன் இதெல்லாம் என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன்.
தங்கைக்கு: இறைச்சி விற்கிற விலையில்.
வங்கிக்காரருக்கு: உடற்பயிற்சி.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்
எட்டு மணி நேரம் எட்டு இயந்திரம் இரைவதை
யாரிடமும் சொல்லவில்லை.

நாண் அறைந்து அறைந்து
முன்கை கத்தரிப்பூ நிறமானது.
விரிப்பு மடிக்கும்போது மார்சலின் பார்த்துவிட்டு
ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டாள்:
"வீட்டில் யாராவது அடிக்கிறார்களா?"
"ஆமாம். நான்தான்."
அவள் சிரிக்கவில்லை.

வைக்கோல் கட்டில் ஒரு காகிதத் தட்டு.
ஆறு அம்பில் ஒன்று தட்டில்,
மூன்று வைக்கோலில்,
இரண்டு கொட்டகைப் பலகையில்.
எய்தவள் இங்கே இருக்க அம்பை நொந்தேன்,
கொசுவை நொந்தேன்,
ஏரியிலிருந்து வரும் காற்றை நொந்தேன்.
ஆகஸ்ட் கடைசியில் ஒரு சாயங்காலம்
ஆறும் தட்டுக்குள் விழுந்தன.
பார்த்தது பக்கத்து வீட்டு நாய் மட்டும்.

அக்டோபர்.
பன்னிரண்டு அடி உயரத்தில்
மேப்பிள் மரத்தோடு வாரால் கட்டிக்கொண்டு
இருட்டு வெளுக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
இரைச்சலே இல்லாத இடத்தில்
என் கோட்டுத் துணி எவ்வளவு சத்தம் போடுகிறது!

பெண்மான் ஒன்று வந்தது.
வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.
இல்லாமல் இருந்த இடத்தில் இருந்தது.
தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போனதும் இழுத்தேன்.
நாற்பத்திரண்டு பவுண்டு.
இதயம் எண்ணிக்கையை விட்டுவிட்டது.
விரல் எப்போது விட்டதென்று
இப்போதும் எனக்குத் தெரியாது.

அரை மணி நேரம் இறங்கக் கூடாது.
ஐலியின் சட்டம்.
அடிபட்டிருந்தால் அது நிம்மதியாகப் படுக்கட்டும்,
துரத்தாதே.
அந்த அரை மணியில் நான்
கொன்றவளாகவும் கொல்லாதவளாகவும்
மாறி மாறி உட்கார்ந்திருந்தேன்.
மூக்கு ஒழுகியது.

பாசியில் செருகிக் கிடந்தது அம்பு.
துடைத்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன்.
ரத்தமில்லை, ஒரு மயிரில்லை.
முனையில் ஒரு பிர்ச் இலை மட்டும்.
ஆனாலும் சொல்லியிருந்தபடி
இருநூறு தப்படி, இலை இலையாக,
மண்டியிட்டுத் தேடினேன்.
சூடு ஆறாத புழுக்கைதான் கிடைத்தது.

திரும்பி வந்து நாடா பிடித்து அளந்தேன்.
இருபத்திரண்டு கஜம் என்று நினைத்திருந்தேன்.
இருபத்தாறு.
அந்த நாலு கஜத்துக்குள்தான்
இப்போது எங்கோ அது மேய்ந்துகொண்டிருக்கிறது.

போனில் ஐலி கேட்டது ஒன்றுதான்:
"மேலேயா, கீழேயா?"
"கீழே."
"சரி. நாளைக்குத் தட்டைத் தள்ளி வை."

வீட்டுக்குப் போகும் வழியில்
கொத்துக்கறி ஒரு பொட்டலம் வாங்கினேன்.
ஒட்டியிருந்த சீட்டில் எடை இருந்தது,
விலை இருந்தது, தேதி இருந்தது.
காரில் விளக்கைப் போட்டு
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.
எத்தனை கஜம் என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.